யுரேனிய ஆலை அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

யுரேனியச் சுரங்கமும் ஆலையும் வரப்போகிறது என்றால் கூடவே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று ஒரு தடித்த கட்டும் வரும். நூற்றுக்கணக்கான பக்கங்கள், அதில் பாதி அட்டவணை. நிறையப் பேர் நாட்டின் மின்தேவை, அணுசக்தியின் அவசியம் என்று ஓடும் முதல் அத்தியாயத்திலேயே களைத்துப்போய் மூடி வைத்துவிடுகிறார்கள். அதைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கழிவுக் குளம், தண்ணீர், ஆலையை மூடும் திட்டம், இந்த மூன்றும்தான் அந்த ஊரில் தங்கப்போகிறவை. யுரேனியம் டிரம்மில் அடைபட்டு லாரியேறி ஹைதராபாத்துக்குப் போய்விடும்.

இது எங்கோ வடக்கே நடக்கிற விஷயம் என்றும் ஒதுக்க முடியாது. ஆந்திராவில் கடப்பா மாவட்டம், புலிவெந்துலா பக்கம் தும்மலபள்ளியில் ஒரு யுரேனிய ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் மோனசைட் கலந்த கடற்கரை மணலை எடுக்க ஐஆர்இஎல் நிறுவனம் 1,144 ஹெக்டேருக்குத் திட்டம் வைத்திருக்கிறது, அதில் முதன்மையானது தோரியம் என்றாலும் அனுமதி நடைமுறையும் கேட்க வேண்டிய கேள்விகளும் பெரும்பாலும் இவையேதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

அறிக்கையில் தாதுவின் தரம் என்று ஒரு எண் இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். கனடாவின் சில சுரங்கங்களில் அது பல சதவீதம், நம் நாட்டில் அப்படியெல்லாம் கிடையாது. ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் சுமார் 0.05 சதவீதம், தும்மலபள்ளியில் சுமார் 0.04. அப்படியென்றால் ஒரு டன் பாறையில் 400 கிராம் யுரேனியம். தும்மலபள்ளி ஆலை ஒரு நாளைக்கு 3,000 டன் பாறையை அரைக்கும் அளவில் கட்டப்பட்டது. எல்லாமே வெளியே வந்தாலும் 1.2 டன்தான் யுரேனியம், மிச்சமுள்ள ஏறக்குறைய 3,000 டன்னும் மாவாக அரைபட்டு, ரசாயனத்தில் ஊறி, சேறாகப் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு நாளும்.

இன்னொன்றும் இருக்கிறது. யுரேனியத்தை எடுத்துவிட்டால் கதிரியக்கமும் போய்விடும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. யுரேனியம் பல கோடி ஆண்டுகளாகச் சிதைந்து உண்டான தோரியம் 230, ரேடியம் 226 போன்றவை அதே பாறைக்குள்தான் இருக்கின்றன, ஆலை அவற்றை எடுப்பதில்லை. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் சேற்றோடுதான் போகிறது. டிகாஷன் இறக்கிய பிறகு சக்கை ஃபில்டரிலேயே தங்குவதைப் போல, ஆனால் இந்தச் சக்கையில் இருக்கும் ரேடியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 1,600 ஆண்டு, தோரியம் 230-க்கு ஏறக்குறைய 75,000 ஆண்டு. அந்த ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு வந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு பத்தி மனதில் இருந்தால் போதும், அறிக்கையின் எந்தப் பக்கத்தில் நிதானிக்க வேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடும்.

ஆலைக்குள் என்ன நடக்கிறது

இதற்கு ரசாயனப் பட்டம் எல்லாம் தேவையில்லை. பாறையை உடைக்கிறார்கள், பிறகு தண்ணீர் சேர்த்துச் சுழலும் ஆலையில் மாவாக அரைக்கிறார்கள். அந்தக் குழம்பில் யுரேனியத்தை மட்டும் கரைத்தெடுக்கும் ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். பிறகு வடிகட்டி, கரைசலைச் சுத்தம் செய்து, யுரேனியத்தை மஞ்சள் நிறப் படிவாக இறக்கி, காயவைத்து டிரம்மில் அடைக்கிறார்கள். அதுதான் எல்லோரும் சொல்லும் யெல்லோ கேக். அங்கிருந்து ஹைதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகத்துக்குப் போகும்.

எந்தத் திரவம் என்பதில்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஜாதுகோடாவில் கந்தக அமிலம், கூடவே ஆக்சிஜனேற்றத்துக்கு மாங்கனீஸ் தாது. தும்மலபள்ளியில் அமிலம் ஊற்றினால் கட்டுப்படியாகாது, அங்கே யுரேனியம் சுண்ணாம்பு வகைப் பாறையில் இருக்கிறது, பாறையே அமிலத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். அதனால் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கொண்ட காரக் கரைசலை அழுத்தத்தில் சூடாக்கிக் கரைக்கிறார்கள். அமிலம் இல்லை, காரம்தானே, அதனால் பாதுகாப்பானது என்று ஒரு பேச்சு அடிபடும். அதை அப்படியே ஏற்காதீர்கள். கார்பனேட் உள்ள தண்ணீரில் யுரேனியம் நன்றாகக் கரைந்து நகரக்கூடியது, அந்த குணத்தை வைத்துத்தான் ஆலையே ஓடுகிறது. குளத்தின் அடியில் கசிவு இருந்தால் அதே ரசாயனம் நிலத்தடியிலும் வேலை செய்யும்.

அமில ஆலை என்றால் சல்ஃபேட், மாங்கனீஸ், கார ஆலை என்றால் சோடியம், சல்ஃபேட், கரைந்த மொத்த உப்பு. கிணற்றுத் தண்ணீரில் இவை ஏறுகிறதா என்று பாருங்கள், யுரேனியமும் ரேடியமும் மண்ணில் ஒட்டி மெதுவாக வரும் இடங்களில்கூட உப்பு முன்னால் வந்துவிடும். யுரேனியம் அளவுக்குள் இருக்கிறது என்ற ஒற்றை வரியோடு யாராவது பேச்சை முடித்தால், சோடியம் எவ்வளவு, ஐந்து ஆண்டுக்கு முன் எவ்வளவு என்று கேளுங்கள்.

யார் எதற்குப் பொறுப்பு

இது குழப்பமான பகுதி, பலர் தவறான அலுவலகத்துக்கு மனு எழுதி மாதக்கணக்கில் வீணடிப்பது இங்கேதான். தாதுவைத் தேடுவது அணுக் கனிம இயக்குநரகம், அதன் தலைமையகம் ஹைதராபாத்தில். சுரங்கத்தையும் ஆலையையும் நடத்துவது யுசிஐஎல் என்ற இந்திய யுரேனியக் கழகம், 1967-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம், தலைமையிடம் ஜாதுகோடா. கதிரியக்கப் பாதுகாப்புக்கு உரிமம் தருவதும் ஆய்வு செய்வதும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், 1983 முதல் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்பு என்றால் 1952 சுரங்கச் சட்டமும் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகமும் வரும். சுற்றுச்சூழல் அனுமதி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம். தண்ணீர், காற்று மாசுக்கு மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, கட்டுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று.

சாதாரண மனிதர் ஒருவருக்கு இதில் கைக்கு எட்டுவது மாநில வாரியம்தான் என்பது என் கருத்து. ஒழுங்குமுறை வாரியம் மும்பையில் இருக்கிறது, அதன் பேச்செல்லாம் மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கணக்கில்: பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1, தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இந்த அளவுகள் முக்கியம்தான். ஆனால் ஊர்க்காரரால் மில்லிசீவர்ட்டை அளந்து காட்ட முடியாது, தன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்ட முடியும். மாநில வாரியத்தின் இசைவு ஆணையில் குளத்தின் அடிப்புறம் எப்படிக் கட்டப்பட வேண்டும், எத்தனை கண்காணிப்புக் கிணறு தோண்ட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். அந்த ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகள் எல்லாம் 1962 அணுசக்திச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதன் இடத்தில் சாந்தி என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது, ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டப்பூர்வ நிலை தருவதும் அதில் அடக்கம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் உரிமம் தரப்பட்டது என்பதை உரிமத்தில் இருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் யாரோ எழுதியதிலிருந்து வேண்டாம்.

கழிவுக் குளம் பற்றிய அத்தியாயம்

இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். குளம் என்றால் நாம் நினைக்கிற குளம் இல்லை, பெரும்பாலும் ஒரு பள்ளத்தாக்கின் வாயில் அணை கட்டி உள்ளே சேற்றை நிரப்புவது. ஜாதுகோடாவில் மூன்று பக்கம் குன்று, நான்காவது பக்கம் அணை. அரைபட்ட கழிவில் கரடுமுரடான பகுதியைப் பிரித்துச் சுரங்கத்தின் வெற்றிடங்களை அடைக்கத் திருப்பி அனுப்புகிறார்கள், அது நல்ல நடைமுறை. மிஞ்சும் நுண்சேறுதான் குளத்துக்குப் போகிறது, சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைச் சமன் செய்த பிறகு. தெளிந்து வரும் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பேரியம் குளோரைடு சேர்த்து ரேடியத்தைப் படியவைத்து, சுண்ணாம்பால் மாங்கனீஸைப் பிரித்து, அதன் பிறகே வெளியே விட வேண்டும்.

குளம் வரை சேற்றைக் கொண்டுபோகும் குழாயை யாரும் கண்டுகொள்வதில்லை. அறிக்கையில் அது வரைபடத்தில் ஒரு கோடுதான். ஆனால் 2006 டிசம்பரில் ஜாதுகோடாவில் உடைந்தது அந்தக் குழாய்தான், சேறு பக்கத்து ஓடையில் இறங்கியது. முதலில் பார்த்துத் தகவல் சொன்னது ஊர்மக்கள் என்றும், ஓட்டத்தை நிறுத்தப் பல மணி நேரம் ஆனது என்றும் அப்போதைய செய்திகள் சொல்கின்றன. அதனால் கேளுங்கள்: குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்த ஓடையைக் கடக்கிறது, அழுத்தம் குறைந்தால் தானாக நிற்கும் அமைப்பு இருக்கிறதா, குழாய்க்கு அடியில் தாங்கு வாய்க்கால் உண்டா, இரவில் யார் பார்ப்பார்கள்?

அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சர்ச் ராக் இருக்கிறது. நியூ மெக்சிகோவில் 1979 ஜூலை 16 அன்று அங்கே கழிவுக் குளத்தின் அணை உடைந்து சுமார் 35 கோடி லிட்டர் அமிலக் கழிவு புவேர்கோ ஆற்றில் இறங்கியது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள். அதனால் அணை எந்த அளவு வெள்ளத்துக்குத் திட்டமிடப்பட்டது, நிலநடுக்கக் கணக்கு போட்டார்களா, உடைந்தால் சேறு எந்த ஊர் வரை போகும் என்று வரைபடம் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வரைபடம் அறிக்கையில் இல்லை என்றால் அதுவே உங்கள் முதல் எழுத்துப்பூர்வக் கேள்வி.

அப்புறம் அடிப்பகுதி. தும்மலபள்ளியில் பிரச்சினை வெடித்தது இதில்தான். கே.கே. கொட்டாலா பகுதி விவசாயிகள் போர்வெல் தண்ணீர் கெட்டுவிட்டது, வாழை கருகுகிறது என்று புகார் சொன்னார்கள். குளத்தின் அடித்தளத் தடுப்பு நிபந்தனைப்படி அமைக்கப்பட்டதா என்று ஆந்திர மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே 2018-ல் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. குளத்தால் பாதிப்பு இல்லை, அந்தப் பகுதிப் பாறையிலேயே யுரேனியம் இயற்கையாக இருக்கிறது என்பது யுசிஐஎல் தரப்பு.

இந்தச் சண்டையை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் உங்கள் ஊரிலும் இதேதான் நடக்கும். யுரேனியம் இருக்கும் இடத்தில்தான் சுரங்கம் வைப்பார்கள், அதனால் தண்ணீரில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும் என்பது உண்மை. ஆலையால் ஏறியது எவ்வளவு என்று சொல்ல ஆலை வருவதற்கு முந்தைய அளவு வேண்டும். அது நிறுவனத்திடம் மட்டும் இருந்தால், பத்தாண்டு கழித்து நீங்கள் கேட்கும்போது வாதம் இயற்கையா ஆலையா என்ற இடத்திலேயே முட்டி நின்றுவிடும்.

ஆலை வரும் முன்பே தண்ணீரை எடுங்கள்

அதனால் நான் மிக வற்புறுத்திச் சொல்லும் காரியம் இதுதான். குளம் வரப்போகும் இடத்திலிருந்து தண்ணீர் ஓடும் திசையில் இருக்கும் கிணறுகள், போர்வெல்கள், அதோடு எதிர்த்திசையில் இரண்டு மூன்று. ஒரு முறை கோடையில், ஒரு முறை மழைக்குப் பிறகு. பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, போர்வெல் என்றால் சில நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடிக்க வேண்டும், பாட்டிலின் மேல் இடம், கிணற்றின் ஆழம், தேதி, நேரம், பிடித்தவர், சாட்சி எல்லாம் எழுத வேண்டும். யுரேனியப் பரிசோதனைக்கு அமிலம் சேர்த்த தனிப் பாட்டில் ஆய்வகத்திலேயே தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்கட்டும். கேட்க வேண்டியவை யுரேனியம், ரேடியம் 226, சோடியம், சல்ஃபேட், குளோரைடு, மாங்கனீஸ், பி.எச்., கரைந்த மொத்த உப்பு. ரேடியம் பரிசோதனைக்குச் செலவு அதிகம், எல்லாக் கிணற்றுக்கும் முடியாவிட்டால் இரண்டுக்காவது செய்யுங்கள்.

முடிவு வந்ததும் எந்த அளவோடு ஒப்பிடுவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த அளவு 60. ஒரே கிணறு, 45 என்று வந்தால், ஒரு தரப்பு கெட்டது என்று சொல்லும், இன்னொரு தரப்பு அளவுக்குள் என்று சொல்லும். அறிக்கையில் எந்த அளவை வைத்து 'அளவுக்குள்' என்று எழுதியிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பில் பாருங்கள். அந்த 60 முக்கியமாகக் கதிரியக்கத்தை வைத்துப் போட்டது, யுரேனியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரு கன உலோகமும்கூட, அதை மறந்துவிட வேண்டாம்.

தொழிலாளர் பற்றி இரண்டு வார்த்தை. சுரங்கத்துக்குள் பெரிய ஆபத்து பாறையிலிருந்து வரும் ரேடானும் அதன் சிதைவுப் பொருட்களும் மூச்சில் போவது, ஆலையில் தாதுத் தூசியும், உலர்த்தி டிரம்மில் அடைக்கும் இடத்தில் யுரேனியத் தூளும். அதனால் காற்றோட்டக் கணக்கைப் பாருங்கள், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கதிரியக்கப் பதிவேடு உண்டா, வேலை மாறிப் போகும்போது அதன் நகல் அவர் கையில் தரப்படுமா, வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்க வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம், ஆனால் வீட்டில் துணி துவைப்பவர்களின் மூச்சும் அதில் இருக்கிறது.

மூடும் திட்டம்

பெரும்பாலான அறிக்கைகளில் இது மூன்று நான்கு பக்கம்தான், மண் போட்டு மூடிச் செடி வளர்ப்போம் என்ற தோரணையில். ஜாதுகோடாவில் நிரம்பிய பழைய இரண்டு குளங்களும் மண் மூடிச் செடி வளர்த்தவைதான். இதை எதோடு ஒப்பிடுவது? அமெரிக்கா 1978-ல் யுரேனிய ஆலைக் கழிவுக்கென்றே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழான விதிகள் மூடிய கழிவு நியாயமாக முடிந்தவரை 1,000 ஆண்டும், எப்படியும் 200 ஆண்டும் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்கின்றன. ரேடான் வெளியேற்றத்துக்கும் ஓர் உச்சவரம்பு எண் இருக்கிறது. முக்கியமாக, மூடுவதற்கான பணத்தை நிறுவனம் முன்கூட்டியே பிணையாகக் காட்ட வேண்டும், மூடிய பிறகு நிலம் அரசின் நிரந்தரப் பராமரிப்புக்குப் போகும். அங்கே எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, நவாஹோ நிலத்தில் கைவிடப்பட்ட சுரங்கங்கள் இன்னும் சுத்தமாகவில்லை. ஆனால் எண்களாக எழுதிய விதி கையில் இருந்தால் மீறியதைக் காட்ட முடிகிறது.

எனவே நம் அறிக்கையிலும் எண்களைக் கேளுங்கள். மூடும் மண் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை ஆண்டுக்கு, மூடிய பிறகு எத்தனை ஆண்டு தண்ணீர் பரிசோதனை, எந்த அலுவலகத்தின் செலவில், வேலிக்கு யார் பொறுப்பு, கழிவையோ சுரங்கப் பாறையையோ வீடு கட்ட, ரோடு போட யாரும் எடுத்துப்போகாமல் இருக்க என்ன ஏற்பாடு?

கேட்பதற்கு வழி

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சுருக்கம் உள்ளூர் மொழியில் வேண்டும், முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும், கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை எல்லோர் முன்னிலையிலும் உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கி, ஆட்சியரோ அவர் சார்பில் வந்தவரோ அன்றே கையெழுத்திட வேண்டும். கடைசி விஷயம் பலருக்குத் தெரியாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். இருந்து கேளுங்கள், நீங்கள் சொன்னது அதில் இல்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

ஆனால் 2025 செப்டம்பர் 8 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டு, அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. அப்போது தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் இதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நிலத்தையும் தண்ணீரையும் கொடுக்கப்போகிறவர்களிடம் கேட்காமலேயே முடிவெடுக்கலாம் என்று சொல்லும் இந்த விலக்கு தவறானது, ரகசியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கிணற்றுத் தண்ணீரில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

கூட்டம் இல்லை என்றாலும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் சுற்றுச்சூழல் அனுமதியும் இன்னும் கட்டாயம்தான். அறிக்கையும் அனுமதிக் கடிதமும் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் திட்டத்தின் பெயர் வந்ததும் குழுவின் செயலருக்கு எழுத்தில் அனுப்புங்கள், பொதுவாக எதிர்க்கிறோம் என்று இல்லாமல், இன்ன பக்கத்தில் இன்ன அட்டவணையில் இன்னது இல்லை என்று. அனுமதி வந்தபின் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அறிக்கையைக் கொடுக்க வேண்டும். முந்தைய அறிக்கையில் இருந்த கிணற்று எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கிணறு பட்டியலிலிருந்து காணாமல் போனது என்பது தெரியும்.

அனுமதியை எதிர்த்து வழக்கு என்றால் பசுமைத் தீர்ப்பாயம், தென் மண்டல அமர்வு சென்னையில். தீர்ப்பாயச் சட்டத்தின் பட்டியலில் தண்ணீர், காற்று, வன, சுற்றுச்சூழல் சட்டங்கள் இருக்கின்றன, அணுசக்திச் சட்டம் இல்லை. அதனால் மனுவைச் சுற்றுச்சூழல் அனுமதியின் குறை, தண்ணீர் மாசு என்ற அடிப்படையில் எழுதச் சொல்லுங்கள், கதிரியக்க உரிமத்தைத் தாக்குவதற்கு வழி வேறு. மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. அனுமதிக் கடிதம் வலைதளத்தில் ஏறிய தேதியை அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.